அறுபத்திரண்டு கிலோ ஆளுக்கான வண்டி

என் வீட்டுக்காரருக்கு முதுகு வலி வந்தது. டைல்ஸ் கடையில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தரையைக் காட்டிக்கொண்டிருக்கிற மனிதருக்கு முதுகு வலி வராமல் வேறென்ன வரும்? முதுகு வலித்தால் மற்றவர்கள் தைலம் தேய்ப்பார்கள், டாக்டரைப் பார்ப்பார்கள், இரண்டு தெரு நடந்துவிட்டு வருவார்கள். இவர் பைக் வாங்கினார்.

சும்மா வாங்கிவிடவில்லை. ஆராய்ச்சி செய்து வாங்கினார். ஆராய்ச்சி என்றால் சோபாவில் படுத்துக்கொண்டு, நெஞ்சின் மேல் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு வீடியோ பார்ப்பது. எவனோ ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மூச்சிரைக்கப் பேசுவான். இவர் "கரெக்ட், கரெக்ட்" என்று தலையாட்டுவார். எதிரில் நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன். நான் பேசியபோது அந்தத் தலை இந்த அளவுக்கு ஆடிப் பார்த்ததில்லை.

"ரேஸ் பைக்னா குனிஞ்சே ஓட்டணும், என் முதுகு தாங்காது. க்ரூஸர்னா காலை நீட்டிக்கிட்டு உக்காரலாம், ஆனா வளைவுல சொன்ன பேச்சு கேக்காது. ரெண்டுக்கும் நடுவுலதான் நேக்கட் ஸ்போர்ட்ஸ். எனக்குன்னே செஞ்ச மாதிரி."

"பேரைக் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"ஐயோ, முன்னாடி பிளாஸ்டிக் மூடி இல்லாத வண்டிம்மா. இன்ஜின் வெளியே தெரியும். ஹேண்டில் உசரமா இருக்கும், நிமிந்து உக்காரலாம். அதே சமயம் பாய்ச்சலும் இருக்கும்."

பாய்ச்சல்! மாடிப்படியில் பாதியில் நின்று, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிற பாவனையில் மூச்சு வாங்குகிற மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று அடக்கிக்கொண்டேன்.

இந்தக் கூத்துக்கெல்லாம் சூத்திரதாரி ஒருவர் இருந்தார். தொழில் வீட்டுத் தரகு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது தாண்டிய ஆண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு பைக்கில் ஊருக்கு வெளியே போய், தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவார். அதற்கு 'ரைட்' என்று பெயர். எதைக் கேட்டாலும் இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கில், "ஆர்பிஎம் எவ்வளவுல ஓடுதுன்னு பாருங்க" என்று ஆரம்பிப்பதால் அவருக்கு ஆர்பிஎம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டைக் காட்டும்போது "காத்தோட்டம் பாருங்க சார்" என்று சொல்கிற அதே குரலில்தான் பைக்கையும் பேசுவார். ஒழுகுகிற கூரையையே விற்ற வாய் அது. என் வீட்டுக்காரரை விற்பதா அதற்குப் பெரிய காரியம்?

பைக் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அவருடைய ஆசை, அவருடைய உழைப்பு. ஆனால் அந்தப் பைக்குக்காக எக்ஸ்சேஞ்சில் போனது என்னுடைய ஸ்கூட்டர்.

"ஒரு வீட்டுல எதுக்கு ரெண்டு வண்டி? எனக்குக் கடை பத்து மணிக்குத்தான். காலையில உன்னை நானே எல்லா வீட்டுக்கும் கூட்டிட்டுப் போறேன். நீ ஜம்முனு பின்னாடி உக்காந்துக்கோ, ராணி மாதிரி."

ராணி மாதிரி என்று சொன்ன வாயை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலையைச் சொன்னால்தான் ஸ்கூட்டர் எனக்கு என்னவாக இருந்தது என்று புரியும். நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். விடிந்ததும் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, லேபுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். முன்பு நான் லேபின் கீழ்த்தளத்தில் இருந்தவள். ஜன்னல் கிடையாது. குழாய்களைக் கழுவுவது, லேபிள் ஒட்டுவது, பிளீச்சிங் நாற்றத்தை முகர்ந்துகொண்டே மத்தியானச் சாப்பாட்டை விழுங்குவது. கெஞ்சிக் கூத்தாடி, முறைத்து, சண்டை போட்டு, கடைசியில் வெளியே வந்தேன். காலை வெளிச்சத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்து, தூக்கக் கலக்கத்தோடு ஒவ்வொரு மனிதராகக் கையை நீட்டுகிற இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். மறுபடியும் கீழ்த்தளம் என்றால் நான் செத்தேன். இதை நான் சும்மா வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. எடுத்த ரத்தத்தை உலுக்கக் கூடாது. கண்டபடி குலுங்கினால் உள்ளே இருக்கிற சிவப்பணுக்கள் உடைந்துபோகும். லேபில் மெஷினில் வைத்துச் சுற்றிப் பிரித்தால் மேலே தெளிவாக, வெளிர் மஞ்சளாக நிற்க வேண்டிய நீர், ரோஜா கலரில் நிற்கும். அப்புறம் அந்தக் குழாய் குப்பைக்குத்தான். அந்த வீட்டுக்கு மறுபடி போய், "இன்னொரு தடவை குத்தணும்" என்று பல்லைக் காட்ட வேண்டும். அதைவிட அவமானம் இந்தத் தொழிலில் இல்லை.

என் ஸ்கூட்டர் கிழம்தான். ஆனால் தாலாட்டுவது போலப் போகும்.

புதுப் பைக்கோ, முதல் நாளே என்னைத் தூக்கிப் போட்டுப் பந்தாடியது. பின் சீட் என்று ஒன்று வைத்திருந்தார்கள். உள்ளங்கை அகலம், செங்கல் கெட்டி, போதாக்குறைக்கு ஓட்டுகிறவர் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிற உயரம். மடியில் ஐஸ் பெட்டி. பிடித்துக்கொள்ள அவர் சட்டையைத் தவிர ஒன்றுமில்லை. "டைட்டா இருந்தாதான் ஸ்போர்ட்ஸ்" என்று ஆர்பிஎம் சொன்னாராம். இவர் பின் ஸ்பிரிங்கை முறுக்க முடிந்த கடைசி வரை முறுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டிக்குள் குழாய்கள் கடகடவென்று ஆடும் சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது.

"கொஞ்சம் மெதுவா போங்களேன். ரத்தம் உடைஞ்சிடும்."

"இது மெதுவா போற வண்டி இல்லம்மா. கீழ் ஆர்பிஎம்ல ஓட்டினா இன்ஜின் கெட்டுடும்."

இன்ஜின் கெடக் கூடாது. என் பிழைப்பு கெடலாம். நல்லா இருக்கே நியாயம்!

பயந்தது போலவே ஆயிற்று. பாதிக் குழாய்கள் ரோஜாப்பூ. லேப் பொறுப்பாளரான அம்மா, அதிர்ந்து பேசாத மனுஷி, குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "என்னங்க இது? இத்தனை வருஷத்துல உங்க கையிலிருந்து இப்படி வந்ததே இல்லையே" என்றார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

மறுபடி குத்தப் போன வீடுகளில் ஒன்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது. சர்க்கரைக்காரர். நரம்புகள் ஒளிந்து விளையாடும். பசி வந்தால் மனிதருக்கு மீண்டும் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

"நேத்து எடுத்த ரத்தம் எங்கே? தொலைச்சிட்டியா? வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைங்க இப்படித்தான் முழிக்கும்."

நான் முழித்தேன். வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். நல்லவேளையாக, அவர் முதுகும் என் பக்கம் சேர்ந்துகொண்டது. சுகமாக நிமிர்ந்து உட்காரத்தானே அந்த வண்டி? இறங்கும்போதெல்லாம் இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஸ்ஸ்" என்று பாம்பு போலச் சீறினார். உடனே ஆர்பிஎம்முக்குப் போன் போனது.

"வாங்கின வண்டியை அப்படியே ஓட்டுவாங்களா சார்?" என்று அவர் போனிலேயே சிரித்தார். "வீடு வாங்கினா உள்ள அலமாரி அடிக்கிறதில்ல? அந்த மாதிரிதான். உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி செட் பண்ணணும். ஒரு ஆள் இருக்காரு, சஸ்பென்ஷன் மட்டும்தான் பார்ப்பாரு. ஞாயித்துக்கிழமை வாங்க."

ஞாயிற்றுக்கிழமை ரத்தம் எடுத்து முடித்த கையோடு, என்னையும் ஐஸ் பெட்டியையும் வைத்துக்கொண்டே அந்த மெக்கானிக் கடைக்குப் போனார். கடை வாசலில் ஆர்பிஎம்மும் அவருடைய படையும். எல்லாருக்கும் கறுப்பு ஜாக்கெட், முழங்காலுக்குக் கவசம். தேநீர் குடிக்கப் போகிறவர்களுக்கு எதற்குக் கவசம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மெக்கானிக் சிடுமூஞ்சி. யாரிடமும் சிரிக்கவில்லை. பின் ஸ்பிரிங்கை ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார்.

"இந்த ஸ்பிரிங் ஆகாது. முன்னாடி பின்னாடி ரெண்டும் வேற ஆர்டர் போடணும். எடை எவ்வளவு சார்?"

படையே இவரைப் பார்த்தது. இவர் வயிற்றை உள்ளே இழுத்தார். அது உள்ளே போக இடமில்லாமல் ஜாக்கெட்டின் இரு பக்கமும் எட்டிப் பார்த்தது.

"அறுபத்திரண்டு," என்றார்.

அட கண்றாவியே! அறுபத்திரண்டு என்பது எங்கள் கல்யாண போட்டோவில் மாலையோடு நிற்கிற பையனின் எடை. அந்தப் பையனைப் போல இன்னும் அரை ஆள் இப்போது இவருக்குள் குடியிருக்கிறான். சாப்பாட்டு மேஜையில் இவருடைய நாற்காலி மட்டும் தனியாக முனகும். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மெக்கானிக் அடுத்ததைக் கேட்டார்.

"தனியா ஓட்டுவீங்களா, பின்னாடி ஆள் வருமா?"

நான் அங்கேதான் நிற்கிறேன். இரண்டடி தள்ளி. மடியில் வைத்திருந்த பெட்டியை இப்போது கையில் வைத்துக்கொண்டு.

இவர் ஆர்பிஎம்மைப் பார்த்தார். ஆர்பிஎம், "ஆள் வந்தா ஹேண்டிலிங் போச்சு சார்" என்றார், காது குத்தியதைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"தனியாதான்," என்றார் என் வீட்டுக்காரர்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லா அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றே பின் சீட்டைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் கூன் போலிருந்த ஒரு பிளாஸ்டிக் மூடியை மாட்டினார்கள். பார்க்க ஸ்டைலாம். ஸ்பிரிங் வந்ததும் ஒரு நாள் போய் மாட்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக், "ஏறி உக்காருங்க, எவ்வளவு அமுங்குதுன்னு டேப் வச்சு அளந்துடலாம்" என்று கூப்பிட்டாராம். இவர் கடைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வந்துவிட்டாராம். இதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

அதோடு நின்றதா? ஹேண்டிலுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தி, பின்னால் இழுத்தார்கள். உயரத்தில் நாங்கள் இருவரும் ஒன்றுதான். போட்டோவில் மட்டும் அவர் ஒரு படி மேலே நிற்பார். சிக்னலில் ஒரு கால் மட்டும் எட்டியதைப் படையில் யாரோ கிண்டல் செய்துவிட, சீட்டின் உள்பஞ்சை வெட்டித் தாழ்த்தி, மேலே ஜெல் வைத்தார்கள். கால் வைக்கும் கட்டைகளை மாற்றினார்கள். எல்லாம் சுகத்துக்கு, எல்லாம் வளைவில் ஒழுங்காகத் திரும்புவதற்கு.

சுகமா? அறுபத்திரண்டு கிலோவுக்குப் போட்ட ஸ்பிரிங்கின் மேல் இவர் உட்கார்ந்ததும் பின்பக்கம் அப்படியே தரையோடு படுத்துவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் 'டங்' என்று அடி தட்டும். வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பதால் முன் சக்கரம் வளைவில் நேராகவே போகப் பார்க்கும். இதை என்னிடம் அவர் சொல்லவில்லை. போனில் ஆர்பிஎம்மிடம் சொன்னதைக் கேட்டேன்.

"டயரை மாத்துங்க சார்," என்றது போன்.

டயர் மாற்றினார். தட்டியது. ஹேண்டில் முனையில் கனமான குண்டு மாட்டினார். தட்டியது. முன் ஷாக்குக்குள் இருக்கிற எண்ணெயை மாற்றினார். அப்போதும் தட்டியது. ரோடு சரியில்லை என்றார், கம்பெனி ஏமாற்றிவிட்டது என்றார், மெக்கானிக்குக் கைராசி இல்லை என்றார். சொல்லாத ஒன்று அந்த எண்தான். ஒரே ஒரு எண். அதைத் திருத்திச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். செத்தாலும் சொல்ல மாட்டார்.

நான்? நான் பஸ்ஸில் போனேன். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, விடியற்காலைக் கூட்டத்தில் இடிபட்டு, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே நாய்கள் துரத்த நடந்து. தலைமையாசிரியர் கேட்டருகே கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். "பசி மயக்கத்துல விழுந்தா நீதான் பொறுப்பு!" ஒரு பாட்டியம்மா பொறுக்க முடியாமல் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டார், அன்றைய சோதனை வீண். குழாய்கள் லேபுக்கு நேரங்கழித்துப் போயின.

லேப் அம்மா ஒரு சனிக்கிழமை என்னை உள்ளே கூப்பிட்டார். "உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா நோயாளிங்க போன் பண்ணித் திட்டுறாங்க. புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு, சொந்த வண்டி வச்சிருக்கு. திங்கட்கிழமை நீங்க வண்டியோட வாங்க. இல்லன்னா அந்தப் பொண்ணை அனுப்பிட்டு, உங்களைக் கீழே போட்டுடறேன். வேற வழி தெரியலங்க."

கீழே. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பிளீச்சிங் நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது.

மறுநாள் இவர் 'ரைட்'டுக்குப் போனார். போனவர் பைக்கில் போனார், வந்தவர் காரில் வந்தார். எந்தப் பள்ளத்திலோ 'டங்' என்றது வண்டி இல்லையாம், முதுகாம். படையில் ஒருவர் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். இவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கட்டிலில் சாய்த்தார்கள். ஆர்பிஎம் தலைமாட்டில் நின்று, "பின் ஷாக்கையே மொத்தமா மாத்திடலாம் சார், இம்போர்ட்டட் இருக்கு" என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் தேநீர் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை விடிந்தது. இடுப்பில் பெல்ட், முதுகுக்கடியில் வெந்நீர்ப் பை என்று படுத்திருந்தவரிடம் போய் நின்றேன்.

"பைக் சாவி எங்கே?"

"எதுக்கு?"

"வேலைக்குப் போக."

சிரிக்கப் பார்த்தார், வலித்தது. "என்ன விளையாடுறியா? அது உன் ஸ்கூட்டர் இல்ல."

"கியர் வண்டியிலதான் நான் லைசென்ஸே வாங்கினேன். எங்க அண்ணன் பைக்கை நான்தான் ஓட்டிட்டுத் திரிஞ்சேன், உங்களைப் பாக்குறதுக்கு முன்னாடியே."

"அதுக்கில்லம்மா. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் என் உடம்புக்குன்னு செட் பண்ணினது. வேற ஆள் ஏறினா கவுத்துடும்."

"எந்த உடம்புக்கு?" என்றேன்.

வெந்நீர்ப் பையைச் சரிசெய்துகொண்டார். தலையணைக்கடியில் கை விட்டுச் சாவியை நானே எடுத்துக்கொண்டேன்.

வாசலுக்குப் போய், அந்தப் பிளாஸ்டிக் கூனைக் கழற்றி, செடித் தொட்டிக்குப் பின்னால் வீசினேன். அந்த இடத்தில் ஐஸ் பெட்டியை வைத்துப் பட்டை போட்டுக் கட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பிறகு நான் ஏறினேன்.

சொல்ல வெட்கமில்லை, பயமாகத்தான் இருந்தது. கீழே போட்டால் வண்டியும் போச்சு, குழாயும் போச்சு, வேலையும் போச்சு. ஆனால் உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. கையை நீட்டினேன், நீட்டிய இடத்தில் ஹேண்டில் இருந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. பின்பக்கம் லேசாக அமுங்கி, அங்கேயே நின்றது. தெருமுனைப் பள்ளம் வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். வண்டி மூச்சு இழுத்து விட்டது போல ஒரு முறை ஏறி இறங்கியது, அவ்வளவுதான். பெட்டிக்குள் ஒரு சத்தம் இல்லை. வளைவில் நான் தலையைத் திருப்பினேன், அதுவும் திரும்பியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வீட்டில் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் போட்ட கூச்சல், வெட்டிய பஞ்சு, மாற்றிய டயர் எல்லாம் யாருக்காக என்று எனக்கு அந்த வளைவில்தான் புரிந்தது. லேப் வாசலில் இருக்கிற எடை மெஷினில் நான் ஏறாத வாரமில்லை. என் எடை அறுபத்திரண்டு.

அட என் ராசாவே, பொய் சொன்னாலும் என் அளவுக்கே சொல்லியிருக்கிறாயே!

கேட்டருகே நின்ற தலைமையாசிரியர் பைக் சத்தத்தைக் கேட்டு ஒதுங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் திகைத்துப் போனார். கடிகாரத்தைப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் கையை நீட்டினார். நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. அதற்கும் பைக்குக்கும் சம்பந்தமில்லை, என் மனசு லேசாக இருந்தது, அவ்வளவுதான்.

லேபில் குழாய்களை மெஷினில் சுற்றி எடுத்து வரிசையாக நிறுத்தினார்கள். லேப் அம்மா ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெளிர் மஞ்சள். அடுத்தது. வெளிர் மஞ்சள். கடைசி வரை அப்படியே. ஜன்னல் வழியே கீழே நின்ற பைக்கைப் பார்த்தார்.

"இதுலயா வந்தீங்க?"

"ஆமாம்மா."

"நாளைக்கும் இதுலயே வாங்க," என்றார். புதுப் பெண்ணுக்கு வேறு பகுதி கொடுத்தார்கள்.

எல்லாம் நல்லபடி முடிந்ததென்று நினைக்காதீர்கள். இவர் முதுகு தேறியது. தேறியதும், "போதும்மா, வண்டியைக் குடு" என்றார். நான் முடியாது என்றேன். அவர் பெயரில் இருக்கிற வண்டி என்றார். உண்மைதான். வாக்குவாதம் முற்றி, கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன்.

"சரி, ஞாயித்துக்கிழமை மெக்கானிக் கடைக்கு வாங்க. உங்களுக்கு ஏத்த மாதிரி மறுபடி செட் பண்ணிக்கிட்டு, வண்டியை எடுத்துக்குங்க. நான் ஒரு வார்த்தை பேசல."

நான் பைக்கில் போனேன். அவர் ஆர்பிஎம்முக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தார், உள்ளங்கை அகலப் பின் சீட்டில், ஆர்பிஎம்மின் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு. இறங்கியதும் கொஞ்ச நேரம் அவரால் நிமிர முடியவில்லை. அந்தக் காட்சிக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

"சிஸ்டர் வளைவுல போன போக்கைப் பாத்தீங்களா!" என்று ஆர்பிஎம் படையிடம் கத்தினார். "வண்டி அப்படியே ஒட்டிக்கிட்டுப் போகுது! செட்டிங்னா இதான் செட்டிங்!"

மெக்கானிக் வெளியே வந்தார். அதே சிடுசிடுப்பு, அதே பேனா.

"யாருக்குச் செட் பண்ணணும்?"

"எனக்குத்தான்," என்றார் இவர். "பின்னாடி தட்டுது."

"தட்டக் கூடாதே. அறுபத்திரண்டுக்குக் கரெக்டா போட்ட ஸ்பிரிங். சரி, இந்தத் தடவை அளந்துடலாம். மொதல்ல அதுல ஏறுங்க." கடை மூலையில் பார்சல் எடை போடுகிற மெஷின் ஒன்று இருந்தது. பெரிய முள். வாசலில் நிற்கிறவனுக்கும் தெரியும்.

இவர் அதில் ஏறிவிட்டால் என் கதை முடிந்தது. நாளைக் காலை நான் பஸ்ஸில் நிற்பேன். அடுத்த வாரம் கீழ்த்தளத்தில். ஒரே ஒரு படி. கால் எடுத்து வைத்தால் வண்டி அவருக்கு. நேர்மையாக ஒரு எண்ணைச் சொல்லத் தெரிந்த மனிதர் என்றால் ஜெயித்துவிடுவார். நான் வாயே திறக்கவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

இவர் மெஷினைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். படையைப் பார்த்தார். கறுப்பு ஜாக்கெட்டுகள் எல்லாம் ஆவலோடு மெஷினைச் சுற்றி நெருங்கி வந்தன. ஆர்பிஎம் போனில் படம் எடுக்கத் தயாராக நின்றார். இவருடைய வலது கால் லேசாக உயர்ந்தது. பிறகு, இருந்த இடத்துக்கே வந்தது.

"எனக்கு வேணாம்," என்றார்.

"ஏன் சார்?"

தொண்டையைச் செருமிக்கொண்டார். மார்பை நிமிர்த்தினார். "உண்மையைச் சொல்லணும்னா... ஆரம்பத்துலேர்ந்தே இந்த வண்டியை நான் இவளுக்காகத்தான் செட் பண்ணினேன். இவ எடை அறுபத்திரண்டு. சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல."

படை கை தட்டியது. "சார், நீங்க வேற லெவல்!" என்று ஆர்பிஎம் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இவர் அடக்கமாகத் தலை குனிந்தார். வெட்கம் கெட்ட மனிதர், கண் கலங்கியது போலக்கூட நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹெல்மெட்டை அவர் தலையில் போட்டிருப்பேன். ஆனால் சாவி என் கையில் இருந்தது.

மெக்கானிக்குக் கைதட்டலில் அக்கறையில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அப்ப உங்க பேர்ல எழுதிடறேன். எடை?"

"அறுபத்திரண்டு. வேணும்னா ஏறிக் காட்டுறேன்."

"வேணாம். தனியா ஓட்டுவீங்களா, பின்னாடி ஆள் வருமா?"

இவர் சட்டென்று நிமிர்ந்தார். வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே. ஆர்பிஎம்மின் பின் சீட்டை ஒரு தரம் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்து அவர் அவ்வளவு பிரியமாகச் சிரித்து எத்தனையோ காலமாகிறது. இரண்டடி தள்ளி, நான் அன்றைக்குப் பெட்டியோடு நின்ற அதே இடத்தில்தான் நின்றிருந்தார்.

"தனியாதான்," என்றேன்.